அறுவடை நேரத்து மழை கோதுமையை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கோதுமை விளைச்சல் பெயரளவுக்குத்தான். நம் சப்பாத்தி, பரோட்டா, ரவை, பன் எல்லாமே வடக்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் கோதுமையை நம்பியிருக்கின்றன. பஞ்சாபிலோ மத்தியப் பிரதேசத்திலோ அறுவடை சமயத்தில் மழை பெய்தால், இரண்டு மாதத்தில் அதன் விளைவு இங்குள்ள மாவு மில்களுக்கும் பேக்கரிகளுக்கும் வந்துவிடும். பேக்கரி நடத்துபவர்களும் தானிய வியாபாரத்தில் இருப்பவர்களும் மாவு அரைத்துச் சாப்பிடும் வீட்டுக்காரர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பயிர் முற்றிக் காய்ந்த பிறகு மழை பெய்தால் என்ன கெட்டுவிடப் போகிறது?

கெடுவதற்கு மிகவும் வாகான நேரமே அதுதான். பச்சையாக இருக்கும் மணியை விட முற்றிய மணிக்குத்தான் மழை ஆபத்து. முற்றிய கோதுமை மணி என்பது முளைக்கத் தயாராக இருக்கும் விதை. ஈரமும் மிதமான வெப்பமும் கிடைத்தால் அது கதிரில் நிற்கிறதா மண்ணில் கிடக்கிறதா என்று பார்க்காது, முளைக்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் பெய்து மறுநாள் நன்றாக வெயிலடித்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். இரண்டு மூன்று நாள் தூறலும் மூட்டமுமாக இருந்தால்தான் கதை மாறுகிறது.

மழையோடு காற்றும் சேர்ந்தால் பயிர் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் கதிர் தரையை ஒட்டிக் கிடக்கும், ஈரம் காயாது. அறுவடை இயந்திரம் ஈர வயலில் இறங்க முடியாது. இறங்கினாலும் சாய்ந்த கதிரை முழுதாக வாரி எடுக்காது. ஆக ஒரே மழையில் மகசூல் குறைகிறது, தரம் கெடுகிறது, அறுவடையும் தள்ளிப்போகிறது. தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் இன்னொரு மழைக்கு வாய்ப்பு.

இவை போக, முளைக்காத மணியிலும் ஒரு மாற்றம் நடக்கிறது. நனைந்த மணி உப்பும், காயும்போது பழைய அளவுக்குச் சுருங்காது. மேல்தோல் சொரசொரப்பாகி வெளுத்துவிடும். அம்பர் நிறத்தில் மின்னிய கோதுமை சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். மண்டியில் 'பளபளப்பு இழந்த மணி' என்று தனியாகப் பிரித்து எண்ணுவது இதைத்தான். உப்பிய மணி அதிக இடத்தை அடைப்பதால், ஒரு ஹெக்டோலிட்டர் (100 லிட்டர்) கோதுமையின் எடையும் குறைகிறது. மில்லுக்கு அதனால் மாவு வரத்து குறைவு.

முளை கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிரச்சினை இல்லைதானே?

அப்படி நினைத்து வாங்கி நஷ்டப்பட்டவர்கள் ஏராளம். முளை வெளியே எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, மணிக்குள் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி சுரக்கத் தொடங்கிவிடும். மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கி, பிறக்கப்போகும் நாற்றுக்கு உணவாகத் தருவது அதன் வேலை. விதைக்கு அது வரம், மாவுக்கு அதுவே கேடு.

இந்த நொதியைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் பெரும்பாலும் நடப்பில் இருக்கும் சோதனை ஃபாலிங் நம்பர். ஸ்வீடனில் ஹாக்பெர்க், பெர்ட்டன் என்ற இருவர் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது. செய்முறை எளிது. அரைத்த கோதுமை 7 கிராம், தண்ணீர் 25 மில்லி, ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். குழாயைக் கொதிநீரில் இறக்கியதும் இயந்திரம் ஒரு கோலால் 60 விநாடி கலக்கும். சூட்டில் மாவு கஞ்சியாக இறுகும். பிறகு கோலை மேலே தூக்கி விட்டுவிடும். அது தன் எடையிலேயே கஞ்சிக்குள் இறங்கி அடியைத் தொட எத்தனை விநாடி ஆகிறது என்பதை, கலக்கிய 60 விநாடியையும் சேர்த்துச் சொல்வதுதான் ஃபாலிங் நம்பர்.

நல்ல கோதுமையில் கஞ்சி கெட்டியாக இருக்கும், கோல் மெல்ல இறங்கும், எண் 300க்கு மேல் வரும். முளைத்த கோதுமையில் நொதி கஞ்சியை நீர்க்கவைத்துவிடும், கோல் சட்டென்று விழும், எண் 200க்குக் கீழே போகும். முழுக்க முளைத்த கோதுமையில் கோல் விட்ட கணமே அடியில் இருக்கும். ஆய்வகத்தில் நின்று பார்த்தால், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மாதிரிகளில் ஒன்று 340ம் இன்னொன்று 130ம் காட்டும். கண்ணை மட்டும் நம்பி வாங்கும் முறையின் போதாமை அப்போதுதான் உறைக்கும்.

கெட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக நல்லதோடு கலந்துவிட்டால் சமாளிக்கலாமே?

வியாபாரத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். புரதம், ஈரப்பதம் போன்றவற்றில் கலப்புக் கணக்கு நேர்க்கணக்கு: 10ம் 12ம் பாதிப்பாதி கலந்தால் 11. ஃபாலிங் நம்பரில் அந்தக் கணக்கு செல்லாது. 400 உள்ள கோதுமையையும் 100 உள்ள கோதுமையையும் சரிபாதியாகக் கலந்தால் 250 வராது, சுமார் 137தான் வரும். நொதி அளவில் சிறியது, ஆனால் தேய்ந்துபோகாமல் மாவுச்சத்தை உடைத்துக்கொண்டே இருப்பது. ஒரு கரண்டி உறைமோர் ஒரு குடம் பாலைத் தயிராக்குவதைப் போலத்தான்.

இதற்குப் பெர்ட்டன் ஒரு சூத்திரம் கொடுத்திருக்கிறார். ஃபாலிங் நம்பரிலிருந்து 50ஐக் கழித்து, 6000ஐ அதனால் வகுத்தால் வரும் எண்ணைத்தான் சராசரி பார்க்க வேண்டும். 400க்கு அது 17 சொச்சம், 100க்கு 120. பத்தில் ஒன்பது பங்கு நல்லதும் ஒரு பங்கு கெட்டதும் என்று கலந்தாலும் 400 என்பது 269க்கு இறங்கிவிடும். பத்து லாரியில் ஒரு லாரி, அவ்வளவுதான் கெட்டது. 300 கேட்கும் வாங்குபவரிடம் மொத்தச் சரக்கும் தோற்றுவிடும். அதனால்தான் ஆஸ்திரேலியாவில் மழை ஆண்டுகளில் லாரி களஞ்சியத்துக்குள் நுழையும் முன்பே வாசலில் வைத்து இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். ஒருமுறை குவியலில் கொட்டிவிட்டால் பிரிக்க வழியே இல்லை.

நம் மண்டிகளில் இந்தச் சோதனை வழக்கத்தில் இல்லை. குத்தூசியால் மூட்டையைக் குத்திக் கைப்பிடி கோதுமை எடுத்து, பார்த்து, முகர்ந்து, கடித்துச் சொல்லும் முறைதான். அனுபவசாலிகள் ஈரத்தையும் பூஞ்சையையும் வியக்கும்படி சரியாகச் சொல்லிவிடுவார்கள். நொதியைச் சொல்ல யாராலும் முடியாது. மழை பெய்த ஆண்டுகளிலாவது பெரிய மண்டிகளில் இந்த இயந்திரம் இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மழையால் புரதம் குறையுமா?

அறுவடை மழையால் பெரிதாகக் குறையாது. புரதம் மட்டும் பார்த்துக் கோதுமை வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இதுதான்: 12% புரதம் உள்ள கோதுமையும் ஃபாலிங் நம்பரில் படுத்துவிடலாம்.

இந்த மாவில் செய்தால் என்ன ஆகும்?

ரொட்டியில்தான் அடி அதிகம். அடுப்புச் சூட்டில் மாவுச்சத்து இறுகி ரொட்டியின் உட்பகுதியைத் தாங்க வேண்டிய நேரத்தில், நொதி அதை உடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே பிசுபிசுப்பு, பெரிய ஓட்டைகள், அறுக்கும்போது கத்தியில் ஒட்டும் ரொட்டி. சர்க்கரை கூடுவதால் மேல்தோல் சீக்கிரம் கருக்கும். பேக்கரிக்காரர் அடுப்பைக் குறை சொல்வார், ஈஸ்ட்டைக் குறை சொல்வார். கோளாறு மாவில் இருக்கும்.

நூடுல்ஸ், சேமியா வகைகளில் இழை பலமிழந்து காயும்போதே அறும். பிஸ்கட் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், அதில் தண்ணீர் குறைவு என்பதால் நொதிக்கு வேலை செய்ய வாய்ப்புக் குறைவு. சப்பாத்தி இடைப்பட்டது. மாவு கையில் ஒட்டும், வழக்கமான தண்ணீரைக் குடிக்காது, இடும்போது இழுபடும், கல்லில் கரும்புள்ளிகள் சீக்கிரம் விழும். சாப்பிட முடியாது என்றெல்லாம் இல்லை. ஆனால் தினமும் நூற்றுக்கணக்கில் சப்பாத்தி போடும் உணவகத்துக்கு அது பெரிய தலைவலி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நொதி மிகக் குறைவாக இருந்தாலும் ரொட்டிக்கு ஆகாது. மழையே காணாத, எண் 400ஐத் தாண்டிய கோதுமை மாவில் மில்காரர்கள் தாங்களே சிறிது மால்ட் மாவு சேர்ப்பார்கள். மால்ட் என்பது அளவோடு முளைக்கவைத்த தானியம்தான். வயலில் மழை கட்டுப்பாடில்லாமல் செய்வதை மில்லில் கிராம் கணக்கில் செய்கிறார்கள்.

முளைகட்டிய தானியம் உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

வீட்டில் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, மறுநாளே சமைக்கும் முளை வேறு. சேற்றில் சாய்ந்து, பூஞ்சையோடு சேர்ந்து நாட்கணக்கில் நனைந்து முளைத்தது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேச வேண்டாம்.

பூஞ்சை, நச்சு என்றெல்லாம் சொல்கிறார்கள். எல்லா மழைக்கும் அது வருமா?

மழை எப்போது பெய்தது என்பதைப் பொறுத்தது. பூக்கும் பருவத்தில் மழையும் ஈரமும் இருந்தால் ஃபியூசேரியம் பூஞ்சை கதிரைப் பிடிக்கும். அது உண்டாக்கும் நச்சு மனிதருக்கும் பன்றி, கோழிகளுக்கும் கெடுதல், அரைத்தாலும் சுட்டாலும் முழுதாகப் போகாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இது பெரிய பிரச்சினை. கதிர் வெளிவரும் சமயத்து ஈரத்தில் இந்தியாவில் வருவது கர்னால் பன்ட் நோய். 1931ல், இன்றைய ஹரியானாவில் உள்ள கர்னாலில் முதலில் பதிவானதால் அந்தப் பெயர். மணியில் கரும்பொடியும் மீன் வாடையும் இருக்கும். மனிதருக்கு நஞ்சில்லை, ஆனால் பல நாடுகள் இந்த நோய் உள்ள கோதுமையை உள்ளே விடுவதில்லை.

அறுவடை நேர மழையில் பெரும்பாலும் வருவது மணியின் முளைப்பகுதி கறுப்பது. மாவில் கரும்புள்ளியாகத் தெரியும், ரவையில் இன்னும் பளிச்சென்று தெரியும். உண்மையான ஆபத்து அதற்குப் பிறகு, ஈரத்தோடு மூட்டை கட்டி அடுக்கும்போதுதான் தொடங்குகிறது.

நன்றாகக் காயவைத்துவிட்டால் சரியாகிவிடாதா?

ஈரம் போகும், நொதி போகாது. காய்ந்த மணியில் அது அடங்கிக் கிடக்கும், மாவில் தண்ணீர் ஊற்றியதும் எழுந்துவிடும். ஆனாலும் காயவைத்தே ஆக வேண்டும். இந்தியக் கொள்முதலில் 12% ஈரப்பதம் வரை முழு விலை, 14% வரை பிடித்தத்தோடு எடுப்பார்கள், அதற்கு மேல் எடுக்கமாட்டார்கள். ஈரக் கோதுமை குவியலுக்குள் தானே சூடேறும், பூச்சியும் பூஞ்சையும் பிடிக்கும்.

காயவைப்பதில் எடையும் போகும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 18% ஈரமுள்ள 100 கிலோ கோதுமையில் உலர்ந்த பொருள் 82 கிலோ. அதை 12% ஈரத்துக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது சுமார் 93 கிலோ. ஏழு கிலோ காற்றோடு போயிற்று. அது வெறும் தண்ணீர்தான், ஆனால் காயவைத்த கூலியும் காத்திருந்த நாட்களும் விவசாயி கணக்கில்தான் சேரும். உலர்த்தி இயந்திரத்தில் அவசரப்பட்டு அதிகச் சூடு கொடுத்தால் குளூட்டன் கெட்டு, மாவு இழுவை இல்லாமல் போய்விடும். மழைக்குத் தப்பிய கோதுமையை உலர்த்தியில் கெடுப்பது உலகெங்கும் நடக்கிறது.

2023ல் இந்தியாவில் என்ன நடந்தது?

அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். 2022 மார்ச்சில் மழைக்குப் பதில் கடும் வெப்பம். மணிகள் பால்பிடித்து நிறையும் முன்பே சுருங்கின. அந்த ஆண்டு மே 13 அன்று மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. கொள்முதல் 188 லட்சம் டன்னுக்குச் சரிந்தது. அரசுக் கிடங்குகள் இளைத்துப்போன நிலையில் 2023 அறுவடையை எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

மார்ச் பின்பாதியில், மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற மழைக் காற்றமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் என்று மழை, ஆலங்கட்டி, பலத்த காற்று. ஆளுயரத்தில் பாதி நின்ற பயிர் பாய் விரித்தாற்போல் படுத்தது.

ஏப்ரலில் அரசு கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. அந்தப் பருவத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,125. சுருங்கிய, உடைந்த மணிகளுக்கான வழக்கமான வரம்பு 6%. பஞ்சாப், ஹரியானா போன்ற மாநிலங்களில் அதை 18% வரை அனுமதித்து, 6%க்கு மேல் படிப்படியாகப் பிடித்தம் வைத்தார்கள். பளபளப்பு இழந்த மணி 10% வரை பிடித்தமில்லை, 10 முதல் 80% வரை குவிண்டாலுக்கு ஒரே சீராக ரூ.5.31 பிடித்தம். ஆதரவு விலையில் கால் சதவீதம் அது. இப்படித் தளர்த்தி வாங்கிய கோதுமையைத் தனியாக அடுக்கிக் கணக்கு வைக்க வேண்டும், கெட்டால் மாநிலங்களே பொறுப்பு என்ற நிபந்தனையும் இருந்தது. கொள்முதல் கடைசியில் சுமார் 262 லட்சம் டன்னை எட்டியது.

குவிண்டாலுக்கு ஐந்து ரூபாய்தானே? அதற்கா விவசாயிகள் எதிர்த்து அத்தனை கூச்சல் போட்டார்கள்?

அந்த ஐந்து ரூபாய் விவசாயியின் நஷ்டத்தில் தூசு. ஏக்கருக்கு 20 குவிண்டால் எடுப்பவருக்கு அந்தப் பிடித்தம் 106 ரூபாய். பயிர் சாய்ந்ததால் அதே ஏக்கரில் 4 குவிண்டால் குறைந்தால் 8,500 ரூபாய் போயிற்று. சாய்ந்த பயிரை அறுக்க இயந்திரத்துக்கு நேரம் கூடுதல், வாடகையும் கூடுதல். குத்தகை நிலத்தில் பயிரிட்டவருக்குக் குத்தகைப் பணம் குறைவதில்லை.

அப்படியானால் ஏன் எதிர்த்தார்கள் என்றால், வானம் செய்த தவறுக்கு விவசாயிக்குத் தண்டனையா என்ற நியாயம்தான் காரணம். 2022ல் வெப்பத்தால் சுருங்கியபோது இதே 18% வரம்பைப் பிடித்தம் எதுவும் இல்லாமலே அனுமதித்திருந்தார்கள். ஓராண்டில் அளவுகோல் மாறியதை யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியவில்லை. என் பார்வையில் விவசாயியின் பக்கம்தான் நியாயம் இருந்தது. தரம் குறைந்த தானியத்துக்கு விலை குறைவது சந்தையின் இயல்புதான். ஆனால் ஆதரவு விலை என்று ஒன்றை அறிவிப்பதே சந்தையும் வானமும் கைவிடும்போது கைகொடுக்கத்தான்.

விவசாயிக்கு விலை இறங்குகிறது, கடையில் மாவு விலை ஏறுகிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நடக்கும்?

கோதுமை என்று ஒரே சரக்கு இல்லை என்பதால். மாவுக்குத் தகுதியான கோதுமை ஒரு சரக்கு, தீவனத்துக்குப் போகும் கோதுமை வேறொரு சரக்கு. மழை கோதுமையை அழிப்பதை விட, முதல் சரக்கிலிருந்து இரண்டாவதற்குத் தள்ளிவிடுகிறது. மொத்த விளைச்சல் புள்ளிவிவரத்தில் இது தெரியாது. முதலாவது அரிதாகி விலை ஏறும். இரண்டாவது குவிந்து, மக்காச்சோளத்தோடு போட்டியிடும் விலைக்கு இறங்கும். நனைந்த கோதுமை வைத்திருப்பவர் இறங்கிய விலையில் விற்கிறார். மில் ஏறிய விலையில் வாங்குகிறது.

இதைத் துல்லியமாகக் காட்டியது 2010. அந்த ஆண்டு ரஷ்யாவில் வறட்சி, ஆகஸ்ட் 15 முதல் ஏற்றுமதித் தடை. உலகமே ஆஸ்திரேலியாவை எதிர்பார்த்தது. அங்கே மேற்குப் பகுதியில் வறட்சி, கிழக்கே, பசிபிக் கடல் குளிர்வதால் வரும் லா நினா மழை. குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் விளைச்சல் அமோகம், ஆனால் அறுவடை நேரத்தில் வயல் நிறைய தண்ணீர். ரொட்டிக்கும் நூடுல்ஸுக்கும் போக வேண்டிய கோதுமையில் பெரும்பகுதி தீவனத் தரத்துக்கு இறங்கியது. ஆசியாவின் தீவன ஆலைகளுக்கு மலிவாகக் கோதுமை கிடைத்த அதே மாதங்களில், மாவு மில்கள் நல்ல கோதுமைக்கு அலைந்தன. டன் கணக்கைப் பார்த்தவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் நல்ல அறுவடை. தரம் பார்த்தவர்களுக்குப் பற்றாக்குறை.

2023 மே கடைசியில் சீனாவின் ஹெனான் மாகாணத்திலும் இதுவே நடந்தது. அந்நாட்டுக் கோதுமையில் ஏறத்தாழ கால் பங்கு அங்கேதான் விளைகிறது. அறுவடைக்குச் சில நாட்கள் இருக்கும்போது மழை தொடர்ந்து பெய்து, கதிரிலேயே முளைவிட்டது. முளைத்த கோதுமை தீவனத்துக்குத் திரும்பியது, மக்காச்சோளத்தின் இடத்தைப் பிடித்தது. அந்த ஆண்டு சீனா சுமார் 120 லட்சம் டன் கோதுமை இறக்குமதி செய்தது. மழை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

பிரான்சின் 2024 வேறு மாதிரி. அங்கே விதைப்பிலிருந்து அறுவடை வரை மழை விடவில்லை. வழக்கமாக 350 லட்சம் டன்னை ஒட்டி வரும் கோதுமை 260 லட்சம் டன் அளவுக்குச் சுருங்கியது, 1980களுக்குப் பிறகு இல்லாத குறைவு. அது அளவிலேயே விழுந்த அடி.

நஷ்டத்துக்கு முன்பேர வணிகத்தில் பாதுகாப்பு தேடலாமா?

முன்பேர ஒப்பந்தம், அதாவது பின்னொரு நாளில் தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசி முடிப்பது, பாதுகாப்பது விலையை, தரத்தை அல்ல. பாரிஸ் சந்தையில் விற்கும் ஒப்பந்தம் குறிப்பிட்ட தரமுள்ள கோதுமைக்கானது. உங்கள் கோதுமை அந்தத் தரத்தில் இல்லையென்றால், நல்ல கோதுமையின் விலை ஏற ஏற விற்ற ஒப்பந்தத்திலும் கையில் உள்ள கோதுமையிலும் என்று உங்களுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம் வரக்கூடும். இந்திய விவசாயிக்கு அந்த வழியும் கிடையாது. 2021 டிசம்பரில் கோதுமை முன்பேர வணிகத்தை, சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி நிறுத்திவைத்து, அந்தத் தடையைத் தொடர்ந்து நீட்டித்து வந்திருக்கிறது.

பயிர்க் காப்பீடு?

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் அறுத்து வயலில் காயப்போட்ட பயிருக்கு 14 நாள் வரை, பருவம் தவறிய மழைக்குக் காப்பீடு உண்டு. 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நின்ற நிலையில் முளைத்த கதிருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. கோதுமைக் களஞ்சியமான பஞ்சாப் 2023ல் அந்தத் திட்டத்திலேயே இல்லை.

மழையைத் தாங்கும் ரகங்கள் இல்லையா?

உண்டு. முற்றிய பிறகும் சில வாரம் முளைக்காமல் உறங்கும் தன்மை சில ரகங்களுக்கு இருக்கிறது. சிவப்புத் தோல் கோதுமைக்கு அது கூடுதல், வெள்ளைத் தோலுக்குக் குறைவு. சப்பாத்திக்கு நாம் விரும்புவது வெளிர்நிறக் கோதுமை. வறண்ட வெயிலில் அறுவடை செய்தே பழகிய வட இந்தியாவுக்கு உறக்கத் தன்மை முன்பு பெரிய தேவையாகத் தெரியவில்லை. மார்ச் வானிலை இப்படி மாறிக்கொண்டே போனால், மகசூலுக்கும் துரு நோய் எதிர்ப்புக்கும் கொடுக்கும் கவனத்தை ரகத் தேர்வில் இதற்கும் கொடுத்தாக வேண்டும். விதைக்கென்று எடுத்து வைக்கும் கோதுமையும் நனைந்தால் அடுத்த பருவ முளைப்புத்திறனும் போகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன இருக்கிறது?

டெல்டாவில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நனைந்த நெல்லோடு காத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 17% ஈரப்பதம் என்ற வரம்பை 22% ஆக்கச் சொல்லி மாநிலம் கேட்பதும், 2022 குறுவையில் மத்திய அரசு 19% வரை அனுமதித்ததும் கோதுமைக் கதையின் நெல் வடிவம்தான்.

மில்களுக்குப் பழைய வழி தூத்துக்குடித் துறைமுகம். 2016-17ல் உள்நாட்டுக் கோதுமை நெருக்கடியானபோது இறக்குமதி வரியை 2016 டிசம்பரில் முழுதாக நீக்கினார்கள். தென்னிந்திய மில்கள் ஆஸ்திரேலியக் கோதுமையைக் கப்பலில் இறக்கின. பிறகு வரி மீண்டும் வந்து, படிப்படியாக உயர்ந்து 2019ல் 40% ஆனது. அந்த வரியில் கப்பல் கோதுமை கட்டுப்படியாகாது. ஆகவே வடக்கே நனைந்தால், இங்குள்ள மில்லுக்கு மத்திய அரசு தன் கிடங்குக் கோதுமையை விற்கும் வெளிச்சந்தை ஏலமும் தனியார் வியாபாரியும்தான் கதி. 2023 ஜூனில் கோதுமை இருப்புக்கு வரம்பு விதித்து, ஏலத்தையும் அரசு தொடங்கியதற்கு இந்த நெருக்கடிதான் காரணம்.

கடையில் கோதுமை வாங்கி மிஷினில் அரைக்கிறோம். நனைந்த கோதுமையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஒவ்வொரு மணியின் ஒரு முனையில் சிறிய குழிபோல் முளைப்பகுதி இருக்கும். அங்கே தோல் வெடித்திருக்கிறதா, நுனி நீட்டிக்கொண்டிருக்கிறதா, கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். மணிகள் ஒன்றுபோல் மங்கி வெளுத்திருந்தால் மழை கண்ட கோதுமை. சில மணிகளை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் பூஞ்சை வாடை உடனே தெரியும். வாடை இருந்தால் வாங்க வேண்டாம். கடித்தால் 'நறுக்'கென்று உடையாமல் மெத்தென்று நசுங்கினால் ஈரம் இன்னும் போகவில்லை.

மங்கலாக மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, சாப்பிடலாம். ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காமல், நல்ல வெயிலில் ஒருநாள் காயவைத்து அரையுங்கள். மாவு கையில் ஒட்டினால் தண்ணீரைக் குறைத்துப் பிசையுங்கள். வழக்கம்போல் ஊறவைக்காமல் பிசைந்த கையோடு இட்டுச் சுட்டுவிடுங்கள், நொதிக்கு நேரம் கொடுக்காமல் இருப்பதுதான் வழி. அந்த மாவில் வீட்டு ரொட்டி மட்டும் முயல வேண்டாம்.